ஒருவர் எழுதியது, ஒரு குடும்பம் பட்டது

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈப்போவில், ஃபேர் பார்க் பகுதியில் சிபில் கார்த்திகேசுவின் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பத்து காஜாவுக்கு அருகே, ஈய லம்பங்களால் வளர்ந்து அவை ஓய்ந்ததும் அடங்கிப்போன பப்பான் என்ற சிற்றூரில், அவர் வாழ்ந்த 74-ஆம் எண் கடைவீடு அவர் நினைவாகப் பேணப்படுகிறது. 2016 செப்டம்பர் 3 அன்று, அவருடைய பிறந்த நாளில், கூகுள் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்து வைத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலப் பேராக்கில் துணிச்சலோடு நடந்துகொண்டவர்கள் பலர். அவர்களில் இவர் பெயர் மட்டும் இவ்வளவு தூரம் வந்து சேர்ந்ததற்கு முதன்மையான காரணம் அவர் எழுதிவைத்த நூல். 'நோ டிராம் ஆஃப் மெர்சி' என்ற அந்தத் தன்வரலாறு 1954-இல் லண்டனில் வெளிவந்தது. எழுதியவர் இறந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 1983-இல் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. அதைப் படித்தவர்கள் பேசும்போது இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று, இப்படியும் ஒரு பெண்ணா என்று வியக்கிறது. மற்றது, இதைப் படித்து முடித்தபின் மனம் ஏனோ ஒப்பவில்லை என்கிறது. பல சமயம் இவ்விரண்டும் ஒரே வாசகரின் குரல்களாகவே இருக்கின்றன. இந்தப் பிளவுக்கு நூலின் தரத்தையோ வாசகரின் அரசியலையோ மட்டும் காரணமாகச் சொல்வது போதாது என்பது என் கருத்து. புகழ் ஒருவரைச் சேர்ந்தது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பலர். எழுதியவரோ ஒருவர் மட்டும். புகழ்பெற்றவர்களின் தன்வரலாறுகள் எல்லாவற்றிலும் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு. சிபிலின் நூலில் அது மறைக்க முடியாத அளவுக்கு வெளிப்பட்டு நிற்கிறது.

சிபில் 1899-இல் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தவர். தந்தை ஜோசப் டேலி, ஐரிஷ் யுரேசியர், தோட்ட நிர்வாகி. தாய் பிரெஞ்சு யுரேசிய வழிவந்தவர். தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்ற சிபில், 1919-இல் இலங்கைத் தமிழ் மரபில் வந்த மருத்துவர் அப்டன் கிளமென்ட் கார்த்திகேசுவை மணந்தார். ஈப்போவின் பிரூஸ்டர் ரோட்டில், இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில், இருவரும் மருந்தகம் நடத்தினார்கள். சிபில் கான்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசியதால் லம்பத்துச் சீனக் குடும்பங்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே கருதின. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியதும் குடும்பம் பப்பானுக்குப் பெயர்ந்தது. அங்கே கம்யூனிஸ்டுகள் வழிநடத்திய மலாயா மக்கள் ஜப்பான் எதிர்ப்புப் படையின் கெரில்லாக்களுக்கு இரவில் ரகசியமாகச் சிகிச்சை அளித்தார். தடைசெய்யப்பட்டிருந்த வானொலியை ஒளித்து வைத்து, அதற்கு ஜோசபின் என்று பெயரும் சூட்டி, பி.பி.சி. செய்திகளைக் கேட்டுப் பரப்பினார். 1943 ஆகஸ்ட்டில் அவரை ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாய் பிடித்தது. கணவரும் வளர்ப்பு மகன் வில்லியமும் அதே வழக்கில் சிக்கினார்கள். ஈப்போவிலும் பத்து காஜா சிறையிலும் பட்ட சித்திரவதையில் அவர் முதுகெலும்பு சேதமடைந்தது. விடுதலையானபோது அவரால் நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவருக்கு 1947-இல் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூன் 12 அன்று, சிறையில் தாடையில் பட்ட பழைய காயத்தின் நஞ்சு உடலில் பரவி, ஸ்காட்லாந்தில் இறந்தார். உடல் மறு ஆண்டு ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. இந்தச் சுருக்கத்தைப் படிக்கும் எவருக்கும் வியப்பைத் தவிர வேறொன்றும் தோன்றாது. வாசகரைப் பிரிப்பது நூலின் நடுவே வரும் ஒரு நிகழ்ச்சி.

விசாரணை அதிகாரி யோஷிமுரா, சிபிலின் வாயிலிருந்து கெரில்லாக்களின் பெயர்களை வரவழைக்க எல்லா வழிகளையும் கையாண்டு தோற்றபின், அவருடைய இளைய மகள் டானைக் கொண்டுவருகிறார். குழந்தைக்கு ஏறக்குறைய ஏழு வயது. மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டி, தாயிடம் கேள்வி கேட்கிறார்கள். தாய் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஜப்பானிய ராணுவ அதிகாரி ஒருவர் குறுக்கிட்டு நிறுத்தியதால்தான் குழந்தை பிழைக்கிறது. இந்த இடத்தில் வாசகர் இரண்டாகப் பிரிகிறார். அந்தப் பெயர்களைச் சொல்லியிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் அழிந்திருக்கும், எத்தனையோ குழந்தைகள் தீயின் மேல் தொங்கவிடப்பட்டிருப்பார்கள் என்பது ஒரு வாதம். ஒரு குழந்தையின் உயிரைப் பணயம் வைக்க அந்தக் குழந்தையைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை, பெற்றவளுக்கும் இல்லை என்பது மற்றது. முதல் வாதத்துக்கு எண்ணிக்கையின் பலம் இருக்கிறது, இரண்டாவதுக்கு அந்தக் குழந்தையின் முகம் இருக்கிறது. ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிட முடியாது. அந்தக் காட்சியை உருவாக்கியவர் சிபில் இல்லை, தீ மூட்டியவனே குற்றவாளி என்று சொல்லி இந்தக் கேள்வியை முடித்துவைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அது சட்டப்படி முற்றிலும் சரி. யோஷிமுரா போருக்குப் பின் ஈப்போவில் போர்க்குற்றவாளியாக விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றார். ஆனால் குற்றவாளி யார் என்பது ஒரு கேள்வி. ஆபத்து வீட்டுக்குள் வரக்கூடும் என்று அறிந்தே ஒருவர் ஒரு காரியத்தில் இறங்கும்போது வீட்டிலிருப்பவர்களின் சம்மதம் எங்கே என்பது வேறொரு கேள்வி. முதலாவதுக்கு நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. இரண்டாவது இன்னும் வாசகரிடமே இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. நம்மிடம் இதற்கு ஆயத்தமான அச்சுகள் இருக்கின்றன. ஒரே மகனைப் போருக்கு அனுப்பும் தாயை ஒக்கூர் மாசாத்தியார் பாடியதிலிருந்து வீரத்தாய் என்ற வடிவம் நம் பாடநூல்களில் உறைந்திருக்கிறது. சிபிலை அதில் பொருத்திவிட்டால் மனம் நிம்மதியடையும். ஆனால் புறநானூற்றுத் தாய் மகன் கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். டானுக்குக் கொடுக்க யாரிடமும் எதுவும் இல்லை. அவளை யாரும் எங்கும் அனுப்பவில்லை, இழுத்து வந்தார்கள். பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் கதை இதற்கு இன்னும் நெருக்கமானது. அடியாருக்கு அமுதூட்ட, பெற்ற பிள்ளையையே அறுத்துச் சமைத்த அந்தக் கதையைப் பக்தியோடு கேட்பவர்களும் உள்ளுக்குள் நடுங்கியபடியேதான் கேட்கிறார்கள். சீராளன் கடைசியில் உயிரோடு ஓடி வருகிறான் என்பதால் அந்த நடுக்கம் தீர்ந்துவிடுவதில்லை. சிபிலின் நூலைப் படித்து ஒப்பாமல் போகும் மனம் ஏதோ புதிய காலத்தின் மென்மையால் வந்ததென்று சொல்ல முடியாது. நம் மரபுக்குள்ளேயே அந்த நடுக்கத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதை நன்றியின்மை என்று கண்டிப்பது வாசிப்புக்குச் செய்யும் அநீதி.

காந்தியின் சத்திய சோதனையை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் தொடராக வந்த அந்நூலில், பம்பாயில் மகன் மணிலால் கடும் காய்ச்சலில் கிடந்தபோது, மருத்துவர் கொடுக்கச் சொன்ன முட்டையையும் கோழிச் சாற்றையும் கொள்கைக்காக மறுத்ததை அவரே எழுதுகிறார். அங்கும் வாசகர்கள் பிரிந்தார்கள். மகாத்மா என்பவர் குடும்பத்தின் செலவில் உருவானவர் என்ற முணுமுணுப்பு, மூத்த மகன் ஹரிலாலின் சீரழிவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழுகிறது. ஆனால் இரண்டு வாசிப்புகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கவனித்தால் அது நம்மைப் பற்றியே ஏதோ சொல்கிறது. காந்தியின் விஷயத்தில் கேள்வி கொள்கையைப் பற்றி எழுகிறது: உணவு விதி ஓர் உயிரைவிடப் பெரிதா? சிபிலின் விஷயத்தில் கேள்வி தாய்மையைப் பற்றி எழுகிறது: ஒரு தாயால் இது எப்படி முடிந்தது? மணிலாலின் ஆபத்தில் தந்தையின் சொந்தத் தீர்மானத்துக்குப் பங்கு இருந்தது. முட்டை கொடுக்கலாம் என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் யாரும் சாகப் போவதில்லை. டானின் ஆபத்தை உண்டாக்கியது எதிரியின் கை. தாய் ஒரு சொல் சொல்லியிருந்தால் பப்பானைச் சுற்றியிருந்த குன்றுகளில் பலர் செத்திருப்பார்கள். இருந்தும் அதிகக் கடுமையான கேள்வி பெண்ணிடமே கேட்கப்படுகிறது. அதே வழக்கில் கைதாகி அடிபட்ட மருத்துவர் கார்த்திகேசுவிடம், நீங்கள் ஏன் குடும்பத்தை இதில் இறக்கினீர்கள் என்று எந்த வாசகரும் கேட்டதாக நான் காணவில்லை. கேள்வியே கூடாது என்பது என் நிலை அல்ல. கேட்டால் இருவரிடமும் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதத்தைச் சந்தித்தாக வேண்டும். புகழ்பெற்றவர்கள் தங்கள் வலியை எழுதுவதே அந்தப் புகழை நிலைநிறுத்தத்தான். மகளைத் தீயின் மேல் தொங்கவிட்ட காட்சியை விரிவாக எழுதியதன் மூலம் சிபில் தம்மைக் காவிய நாயகி ஆக்கிக்கொள்கிறார் என்பது அந்த வாதம். இன்றைய பிரபலங்களின் நூல்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சந்தேகம் இயல்பாக வரும். 2023 ஜனவரியில் வெளியான இளவரசர் ஹாரியின் 'ஸ்பேர்', பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றிலும் சேர்த்து முதல் நாளே 14 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. குடும்பத்தின் அறைக்கதவைத் திறந்துகாட்டுவதே அங்கே விற்பனைப் பொருள் என்று பலரும் குறைசொன்னார்கள்; தாயை இழந்த சிறுவனின் துயரம் உண்மையானது என்று பலரும் உருகினார்கள். சிபிலின் நிலைமை வேறு. அவர் இதை உருவாக்கியபோது மரணத்தை எட்டிக்கொண்டிருந்த நோயாளி. நூல் வெளிவருவதைக் காணவும் அவர் இல்லை. இவற்றைவிட அந்தக் காட்சியின் அமைப்பே பெரிய சான்று என்று நினைக்கிறேன். தன்னை நாயகியாக்கிக்கொள்ள விரும்பும் ஒருவர், மகளைக் காப்பாற்றிய பெருமையை எதிரிப் படையின் அதிகாரி ஒருவருக்கு விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். தன் மௌனம் மகளைக் காப்பாற்றவில்லை, வேறொருவரின் தலையீடே காப்பாற்றியது என்பதை அவர் பதிவு செய்கிறார். அவருக்கு எதிராக வாதாடுபவர்கள் கையில் எடுக்கும் சான்று அவரே கொடுத்தது. தன்வரலாற்றின் நேர்மையை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: எழுதியவரைக் குற்றம்சாட்டத் தேவையான தகவல்கள் அந்த நூலுக்குள்ளேயே கிடைக்கின்றனவா? இங்கே கிடைக்கின்றன. நினைவு பிழைபட்டிருக்கலாமே என்பாருக்கும் ஒரு பதில் உண்டு. நிகழ்ச்சிகள் நடந்து சில ஆண்டுகளுக்குள், அவற்றின் காயங்கள் ஆறாத உடலோடு சொல்லப்பட்ட கதை இது. பல பத்தாண்டுகள் கழித்துச் சீவிச் சிங்காரித்து எழுதப்படும் நினைவுகளின் வகை அல்ல.

வாசகரின் பிளவுக்கு அடுத்த காரணம் காலம் செய்த வேலை. 1947-இல் பேராக்கைச் சேர்ந்த இருவருக்குப் பிரிட்டிஷ் அரசின் கௌரவம் கிடைத்தது. சிபிலுக்கு ஜார்ஜ் பதக்கம். சித்தியவானில் பிறந்து, போரின்போது ஜப்பான் எதிர்ப்புப் படைக்கும் பிரிட்டிஷ் ரகசியப் படைக்கும் இடையே தொடர்பாளராக இருந்த சின் பெங்குக்கு ஓ.பி.இ. பட்டம். 1948 ஜூன் 12 அன்று சிபில் இறந்தார். நான்கு நாள் கழித்து, ஜூன் 16 அன்று, பேராக்கின் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்ட் தலைவரான சின் பெங்கின் பட்டம் பறிக்கப்பட்டது. சிபில் யாருக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுத்தாரோ, யாருடைய பெயர்களைச் சொல்லாமல் மகளையே இழக்கத் துணிந்தாரோ, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு வாரத்துக்குள் அரசின் முதல் எதிரிகள் ஆனார்கள். நூல் வெளிவந்த 1954-இல் அந்தப் போர் நடந்துகொண்டே இருந்தது; தோட்டங்களைச் சுற்றி முள்வேலி, அரிசிக்குக் கட்டுப்பாடு, புதுக்கிராமங்கள். அதே செயலுக்கு 1943-இல் ஜப்பானியர் சிறை கொடுத்தார்கள், 1947-இல் பிரிட்டிஷார் பதக்கம் கொடுத்தார்கள், 1950-இல் யாராவது அதைச் செய்திருந்தால் அதே பிரிட்டிஷார் அவரைத் தூக்கிலேற்றியிருக்கக்கூடும். இப்படிப்பட்ட நூலை எந்தத் தரப்பும் முழுமையாகச் சொந்தம் கொண்டாட முடியாது. அரசருக்கு விசுவாசமானவர் என்று ஏற்பவருக்குக் கெரில்லாக்கள் உறுத்துவார்கள். கெரில்லாக்களின் தோழி என்று ஏற்பவருக்கு அரசர் கையால் வாங்கிய பதக்கம் உறுத்தும்.

சின் பெங் 2003-இல் 'மை சைட் ஆஃப் ஹிஸ்டரி' என்ற தன்வரலாற்றை வெளியிட்டபோது இதே பிளவு பெரிய அளவில் வெடித்தது. அவசரகாலத்தில் கணவனையோ அண்ணனையோ இழந்த போலீஸ், ராணுவக் குடும்பங்களுக்கு அது ஆறாத புண்ணைக் கிளறிய நூல். வரலாற்றின் மறுபக்கம் தேவை என்றவர்களுக்கு அது காத்திருந்த ஆவணம். சித்தியவானில் உள்ள பெற்றோரின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு நீதிமன்றங்களில் போராடித் தோற்ற அவர், 2013 செப்டம்பரில் பாங்காக்கில் இறந்தார். அவர் கதையிலும் வாசகரை அதிகம் அசைத்தது கொள்கைப் பகுதி அல்ல, வீடு திரும்ப முடியாத மகன் என்ற பகுதிதான். அந்நூலை அவரோடு சேர்ந்து உருவாக்கிய இயன் வார்டும் நோர்மா மிராஃப்ளோரும் 2006-இல் 'ஃபேசஸ் ஆஃப் கரேஜ்' என்ற தலைப்பில் கார்த்திகேசு குடும்பத்தைப் பற்றியும் ஒரு நூலைக் கொண்டுவந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. தனி ஒரு நாயகியிடமிருந்து குடும்பம் முழுவதையும் நோக்கிப் பார்வை அப்போது நகர்ந்தது. என் பார்வையில், சிபிலின் நூல் அரை நூற்றாண்டாக எழுப்பிவந்த கேள்விக்குக் கிடைத்த முதல் சரியான எதிர்வினை அது.

இனி, பேராக் தமிழர்களின் வாசிப்பு. இதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிபில் கைதான 1943-ஆம் ஆண்டு, மலாயாத் தமிழர்களின் நினைவில் வேறொரு ஆண்டு. அந்த ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார்; அக்டோபரில் அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் முகாம் தொடங்கியது. ஈப்போவில் வளர்ந்த ராசம்மா தம் அக்காவோடு அதில் சேர்ந்தபோது அவருக்குப் பதினாறு வயது. பின்னாளில் ராசம்மா பூபாலன் என்று ஆசிரியராகவும் பெண்ணுரிமைப் போராளியாகவும் நாடறிந்தவர் அவர். பால் மரம் சீவிக்கொண்டிருந்த தோட்டத்துப் பெண்கள் பலரும் அந்தப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். ஒரே மாநிலத்தைச் சேர்ந்தவர்களில், ஒரே ஆண்டில், ஒரு பெண் பிரிட்டிஷ் வானொலியை ஒளித்துவைத்ததற்காகச் சிறையில் கிடந்தார். வேறு சில பெண்கள் பிரிட்டிஷாரை இந்தியாவிலிருந்து துரத்த ஜப்பானியர் துணையோடு பயிற்சி பெற்றார்கள். இரண்டு தரப்பும் விடுதலை என்ற பெயரில்தான் உயிரைக் கொடுக்கத் துணிந்தது. தாத்தாவோ பாட்டியோ நேதாஜி படையில் இருந்த வீட்டில் வளர்ந்தவர், லண்டன் செய்திக்காக ஏங்கும் சிபிலின் பக்கங்களை எந்த மனத்தடையும் இன்றிப் படிக்க முடியாது. அவருடைய தயக்கத்தைத் தேசத்துரோகம் என்றோ, சிபிலின் விசுவாசத்தை அடிமைத்தனம் என்றோ சொல்பவர்கள் அந்த ஆண்டின் குழப்பத்தைப் புரிந்துகொள்ள மறுக்கிறார்கள்.

இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. ஜப்பான்காரன் காலம் என்று தோட்டத்து மக்கள் சொல்லும் அந்த மூன்றரை ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நல்ல கூலி என்று ஆசைகாட்டி அழைத்துப்போனவர்களும் உண்டு, வளைத்துப் பிடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. அதே பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் இருக்கின்றன. அந்தப் போர்க்கைதிகளில் உயிர் தப்பியவர்கள் எழுதிய நினைவு நூல்கள் ஓர் அலமாரியை நிரப்பும். கணவனோ மகனோ சயாமுக்குப் போய்விட்ட தோட்டத்து வீடுகளில் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்று குழந்தைகளைக் காப்பாற்றிய பெண்கள் எழுதியது எதுவும் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி தொடக்கக் கல்வியோடு நின்றது. அதையும் பெண் பிள்ளைகளில் பலர் முடிக்கவில்லை. தன்வரலாறு எழுத எழுத்தறிவு வேண்டும், ஓய்வு வேண்டும், கேட்டு எழுதிக்கொள்ளவோ அச்சிடவோ ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் கதை பிறர் கேட்கத் தக்கது என்ற நம்பிக்கை வேண்டும். தோட்ட நிர்வாகியின் மகளும் மருத்துவரின் மனைவியுமான சிபிலுக்கு இவையெல்லாம் வாய்த்தன. லயத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. போருக்குப் பின் தோட்டத் தொழிலாளருக்காகத் தொழிற்சங்கம் கட்டி, 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட மலாயா கணபதி போன்ற தலைவருக்கே தம் கதையை எழுத அவகாசம் கிடைக்கவில்லை. இந்த வெற்றிடத்தைப் பின்னாளில் நாவலாசிரியர்கள்தான் ஓரளவு நிரப்பினார்கள். சயாம் ரயிலைப் பற்றி அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச் சின்னம்' போருக்குப் பல பத்தாண்டுகள் கழித்தே வந்தது.

ஆகவே, எங்கள் சாவுக்கு நூலும் இல்லை சாலையும் இல்லை, அவருக்கு மட்டும் எல்லாம் இருக்கிறது என்று தோட்டத்து வழிவந்த வாசகர் ஒருவர் மனம் கசந்தால் அதில் நியாயம் இருக்கிறது. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளில் குடியேறிய பின்னும் அந்தக் கசப்பு தீர்ந்துவிடவில்லை. ஆனால் அது சரியான முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும். சிபில் எழுதியதால் மற்றவர்களின் கதை அழியவில்லை. மற்றவர்களின் கதையை யாரும் கேட்டு எழுதாததால் அது அழிந்தது. உயிரோடு இருந்தவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போயிருக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. சங்கங்களும் பத்திரிகைகளும் பல்கலைக்கழகங்களும் அந்தக் காலத்தைப் பெரும்பாலும் கடந்து போக விட்டுவிட்டன. ஒரு நாயகியைக் கொண்டாடுவது எளிது, மலிவும்கூட; ஆயிரம் பெயரில்லாதவர்களைத் தேடிப் பதிவு செய்வதற்கு உழைப்பும் பணமும் வேண்டும். கொண்டாட்டம் அந்த உழைப்புக்கு மாற்றாகிவிடும் இடத்தில்தான் சிபிலின் புகழ் தீங்கு செய்கிறது. அந்தப் பழி நூலைச் சேர்ந்தது அல்ல, அதைப் பயன்படுத்துபவர்களைச் சேர்ந்தது.

இவ்வளவு பிரிவினை உள்ள நூலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் எப்படிக் கொடுப்பது, வீரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த யோசனை நல்லெண்ணத்தில் பிறந்தது, ஆனால் தவறானது. வீரம் மட்டும் வடிகட்டி எடுக்கப்பட்டால், மரத்தில் தொங்கிய குழந்தை தாயின் துணிச்சலைக் காட்டுவதற்கான மேடைப் பொருளாக ஆகிவிடுவாள். டான் அப்படி ஒரு பொருள் அல்ல. அவளுக்கும் ஒரு வாழ்நாள் இருந்தது, அந்த நாளைப் பற்றி அவளுக்கென்று ஒரு நினைவு இருந்தது. தாயின் நூல் அதைத் தாயின் கண்ணால்தான் காட்ட முடியும். அதுபோலவே மருத்துவர் கார்த்திகேசுவும் வில்லியமும் மூத்த மகள் ஓல்காவும், வீட்டில் தினமும் பயத்தோடு உண்டு உறங்கியவர்கள். அவர்களில் யாருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது, யார் மனமொப்பி இறங்கினார்கள், யார் வேறு வழியின்றி உடன்பட்டார்கள் என்ற கேள்விகளோடு படிக்கும்போது நூல் சிறுமைப்படவில்லை, விரிவடைகிறது. 2010-இல் வந்த மலாய்த் தொலைக்காட்சித் தொடரில் சிபிலாக நடித்த எலைன் டேலி அவருடைய உறவு வழியில் வந்தவர். கதை இன்றும் குடும்பத்துக்குள்ளிருந்தே சொல்லப்படுகிறது என்பதற்கு அது ஒரு சான்று.

மதிப்பீடு செய்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தினால், என் பதில் இது. சிபில் வாய் திறக்காதது சரி என்று நினைக்கிறேன். ஏனென்றால் பெயர்களைச் சொல்லியிருந்தாலும் யோஷிமுரா அடுத்த கேள்விக்கு அதே குழந்தையை மறுபடி கொண்டுவந்திருப்பார், சித்திரவதை ஒரு பதிலோடு திருப்தியடைந்து நின்றிருக்கும் என்று நம்ப இடமில்லை. ஆனால் அந்தச் சரியை டானிடம் போய் ஒரு வாதமாக வைக்க எனக்கோ வேறு எந்த வாசகருக்கோ தகுதி இல்லை. அதை ஏற்கவும் மறுக்கவும் மன்னிக்கவும் உரிமை உள்ளவர் அவர் ஒருவரே. நூலைப் போற்றுபவர்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள், குறைசொல்பவர்கள் இரண்டாம் பாதியிலிருந்து தொடங்குகிறார்கள். பேராக்கில் இந்நூலுக்கு அடுத்த பதிப்பு ஒன்று வருமானால், அதோடு கணவரின், மகனின், மகள்களின் வாக்குமூலங்களில் கிடைப்பவை எல்லாம் சேர்க்கப்பட வேண்டும். சயாமுக்குப் போனவர்களைப் பற்றித் தோட்டத்து வீடுகளில் இன்னும் எஞ்சியிருக்கும் செய்திகளைத் திரட்டும் வேலையும் அதனோடு தொடங்கப்பட வேண்டும். சயாமிலிருந்து திரும்பியவர்களின் பிள்ளைகளிலேயே பலர் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.